கை படாத பயிற்சி

(காரைக்குடியில் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு சில இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



பள்ளி ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சி பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் ஆசிரியன் இல்லை. வங்கியில் கிளார்க். கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து நாள் முழுக்க விசைப்பலகை தட்டுகிறவன். மிச்ச நேரத்தில் கவிதை எழுதுகிறவன். இந்த ரெண்டில் எதை நம்பி என்னைக் கூப்பிட்டீர்கள் என்று தெரியவில்லை. கவிதையை நம்பி என்றால் ஏமாந்துபோவீர்கள். இன்றைக்குக் கணக்குத்தான் பேசப்போகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு டீச்சர் குடியிருக்கிறார். ஆதிதிராவிடர் நலத் தொடக்கப்பள்ளியில் இடைநிலை ஆசிரியை. ஒருநாள் கணினிப் பயிற்சி என்று போய்விட்டு வந்தார். "என்ன டீச்சர் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன். "கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டேன் தம்பி" என்றார். வருகைப் பதிவேட்டில் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. நாற்பது பேருக்கு முன்னால் ஒரு வெள்ளைத் திரை. ஒருத்தர் எதையோ திறக்கிறார், மூடுகிறார், மறுபடி திறக்கிறார். பக்கத்து அறையில் பத்துக் கணினி துணி போர்த்தி இருந்திருக்கிறது. "நாங்க தொட்டுப் பார்க்கலாமா சார்?" என்று டீச்சர் கேட்டிருக்கிறார். "ரிப்பேராகிட்டா யார் பதில் சொல்றது?" என்று பதில் வந்திருக்கிறது.

அவர் சாதி பார்த்துச் சொன்னார் என்று நான் சொல்லவரவில்லை. நாற்பது பேருக்கும்தான் சொன்னார். தணிக்கைக்குப் பயந்தும் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நாற்பது பேரில் பலபேர் வீட்டில் பிள்ளை கையிலோ வீட்டுக்காரர் கையிலோ ஒரு கணினி இருக்கும். அன்றைக்குத் தொடாததை ராத்திரி வீட்டில் தொட்டுக்கொள்வார்கள். எங்கள் டீச்சருக்கு அந்த அறையை விட்டால் வேறு அறை கிடையாது. எல்லோருக்கும் சமமாகச் சொல்லப்படுகிற 'தொடாதே' எல்லோர்மேலும் சமமாக விழுவதில்லை.

இந்த மண்ணில் இது புதுசும் இல்லை. சிவகங்கை அப்போது ராமநாதபுரம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. 1930 டிசம்பரில் இந்த மாவட்டத்து நாட்டார்கள் நம் மக்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 ஜூனில் அது பதினொன்றாயிற்று. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன் அவற்றை வரிசையாக எழுதிவைத்திருக்கிறார். தங்க நகை கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது. இதெல்லாம் நம் பாட்டன்கள் வாய்வழியாகவே சொல்லிக் கேட்டதுதான். ரெண்டாவது பட்டியலில் இன்னொரு தடை இருக்கிறது: பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக்கூடாது, மிராசுதார் மாட்டைத்தான் மேய்க்கவேண்டும். மீறியவர்களின் குடிசை எரிந்தது, தானியம் போயிற்று, ஆடுமாடு போயிற்று.

அதே காலத்தில் இதே செட்டிநாட்டில் இன்னொரு படிப்பு நடந்துகொண்டிருந்தது. நகரத்தார் வீட்டுப் பையன் சின்ன வயசிலேயே பெட்டியடியில் உட்காருவான். பேரேடு எழுதுவான், வட்டி போடுவான், உண்டியல் பார்ப்பான். தப்புப் போட்டால் பெரியவர் திருத்துவார், மறுபடி போடுவான். அப்படிக் கைப்பழக்கமாகக் கற்றுக்கொண்டவன் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறினான். 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி ஒரே நாளில் காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் கதவைத் திறந்ததென்றால், அதற்குப் பின்னால் பல தலைமுறைப் பெட்டியடி இருந்தது. நான் அவர்களைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. செய்முறைப் பயிற்சி என்று இன்று புதுசாகப் பேசுகிறார்களே, சாதிகள் எப்போதும் தங்கள் பிள்ளைகளுக்கு அதைத்தான் கொடுத்துவந்திருக்கின்றன. கையில் கொடுத்துக் கற்பிப்பது சொந்தப் பிள்ளைக்கு. தூரத்தில் நிறுத்திக் காட்டுவது மற்றவனுக்கு.

இனி கணினிக்கு வருகிறேன். இந்தியப் பள்ளிகளுக்குள் கணினி அரசுத் திட்டமாக நுழைந்தது 1984-85-ல். 'கிளாஸ்' என்று பெயர். 248 பள்ளிகளில் தொடங்கினார்கள். வந்தது இங்கிலாந்தின் பிபிசி மைக்ரோ. கூடவே மென்பொருளும் அங்கிருந்துதான். அந்த எந்திரத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. மின்சாரம் கொடுத்த உடனே திரையில் ஒரு குறி மின்னிக்கொண்டு நிற்கும். நீங்கள் பேசிக் மொழியில் ஒரு கட்டளை அடித்தால் உடனே செய்யும். அதாவது, அதைத் தொடுகிறவன் முதல் நிமிஷத்திலேயே கட்டளையிடுகிறவன் ஆகிவிடலாம். பின்னால் வந்த எந்திரங்களில் இது போய்விட்டது. படத்தைத் தொடு, திறக்கும். இன்னொரு படத்தைத் தொடு, மூடும். கட்டளை வேறு எங்கோ, வேறு யாரோ எழுதிவைத்தது.

தமிழ்நாட்டில் பெரிய அளவில் வந்தது 1999-2000-ல். மேல்நிலைப் பள்ளிகளில் கணினி அறிவியல் பாடம். எல்காட் வழியாகத் தனியார் நிறுவனங்களிடம் ஒப்பந்தம். எந்திரமும் அவர்களுடையது, சொல்லிக்கொடுப்பவரும் அவர்கள் நியமிப்பவர். பள்ளி நேரம் முடிந்தபின் அதே அறையில் காசு வாங்கிக்கொண்டு வெளியாருக்கு வகுப்பு நடத்திக்கொள்ளவும் ஒப்பந்தத்தில் இடம் இருந்தது. இதில் பள்ளியின் ஆசிரியர் எங்கே இருந்தார்? கணக்கு வாத்தியார், அறிவியல் டீச்சர், தமிழய்யா எல்லாரும் அறைக்கு வெளியே இருந்தார்கள். வந்த கணினிப் பயிற்றுநர்கள் கதியும் நல்லதாக இல்லை. 2008-ல் அவர்களுக்குச் சிறப்புத் தேர்வு வைத்தார்கள், வழக்கு நீதிமன்றங்கள் ஏறி இறங்கியது, கடைசியில் அறுநூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வேலையிழந்து வீதிக்கு வந்தார்கள்.

நான் ப்ளஸ் டூ முடித்தது 2007-ல். கணினி அறிவியல் குரூப். ஸ்டார் ஆபீஸ் ஒரு புத்தகம், சி ப்ளஸ் ப்ளஸ் ஒரு புத்தகம். லேபுக்கு வெளியே செருப்பைக் கழற்றவேண்டும். தூசிக்காகவாம். ஒரு எந்திரத்துக்கு ஐந்து பேர். யார் விசைப்பலகை முன்னால் உட்காருவது என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் தினமும் அதே பையன்தான் உட்காருவான். அவன் வீட்டில் கணினி இருந்தது, வேகமாக அடிப்பான், சாருக்கும் வேலை சீக்கிரம் முடியும். நானும் இன்னொருத்தனும் பின்னால் நின்று ரெக்கார்ட் நோட்டில் நிரலைப் பார்த்து எழுதினோம். என் ரெக்கார்ட் நோட்டு அழகாக இருக்கும். வகுப்பில் எல்லோரும் வாங்கிக் காப்பியடிப்பார்கள். அந்த நிரல்களில் ஒன்றைக்கூட நான் ஓட்டிப் பார்த்ததில்லை. முதல்முதலாகக் கணினியில் என் இஷ்டத்துக்கு ஒரு எழுத்து அடித்தது கல்லூரியில், காசு கட்டி, பிரௌசிங் சென்டரில்.

வங்கிக்கு வந்தபிறகு ஒரு மூத்த தோழர் சொன்னார். 1983-ல் சங்கத்துக்கும் வங்கிகளுக்கும் எந்திரமயம் பற்றி ஒப்பந்தம் ஆனபிறகு லெட்ஜர் எந்திரங்கள் வந்தன. அதை இயக்குகிறவருக்குத் தனிப்படி. யாரைப் போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சிரித்தார். எங்கள் ஆட்கள் அப்போது டெஸ்பாட்சில் தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் வந்தது. அதை நான் கேலி செய்யமாட்டேன். சேரிக்குள் முதல் கணினி அந்தப் பையோடுதான் வந்தது. ஆனால் கணினியைப் பிள்ளை கையில் கொடுத்த அரசு, அந்தப் பிள்ளைக்குப் பாடம் நடத்துகிறவருக்கு என்ன தெரியும் என்று கேட்கவில்லை. 2019-ஐ ஒட்டி 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு உயர்தொழில்நுட்ப ஆய்வகம் என்றார்கள். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் ஆயிரத்துக்கும் மேல் இருந்தன, அதில் பெரும்பாலானவை தொடக்கப்பள்ளிகள். அவற்றுக்கு இதில் வழியே இல்லை. 2023 மார்ச் பட்ஜெட்டில் அந்தப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைப்பதாக அறிவித்தார்கள். அது சரியா தப்பா என்பதில் நமக்குள்ளேயே ரெண்டு கருத்து உண்டு. அதை இன்னொரு கூட்டத்தில் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

ஆசிரியருக்குக் கணினி கடைசியில் எந்த வடிவத்தில் வந்து சேர்ந்தது தெரியுமா? எமிஸ் வடிவத்தில். பெயர், பிறந்த தேதி, வருகை, செருப்பு அளவு, சீருடை அளவு, வங்கிக் கணக்கு எண். கட்டத்தை நிரப்பு, அனுப்பு. சர்வர் தூங்கிவிட்டால் ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்து அனுப்பு. இதற்கும் பயிற்சி என்றுதான் பெயர். நான் இதை அறிவேன், ஏனென்றால் என் வேலையும் அதுதான். யாரோ எழுதிய நிரலின் கட்டங்களை நிரப்புகிறவன் நான். வட்டி எப்படி வருகிறதென்று வாடிக்கையாளர் கேட்டால் "சிஸ்டம்ல அப்படித்தான் வருதுங்க" என்கிறேன். கட்டத்தை நிரப்பத் தெரிவதும் கட்டம் எப்படிப் போடப்படுகிறது என்று தெரிவதும் ஒன்றில்லை. முதலாவது குமாஸ்தா வேலை. ரெண்டாவதைத்தான் நிரலாக்கம் என்கிறார்கள். ஆசிரியருக்கு ரெண்டாவது வேண்டும் என்பதுதான் நான் சொல்லவந்த ஒரே விஷயம்.

முடியுமா என்றால், பக்கத்து மாநிலத்தில் செய்திருக்கிறார்கள். கேரளத்தில் 2001-ல் ஐடி அட் ஸ்கூல் தொடங்கியது. அங்கே கம்பெனி ஆளைக் கொண்டுவந்து அறையில் உட்காரவைக்கவில்லை. மலையாள வாத்தியார், உயிரியல் டீச்சர் என்று பள்ளி ஆசிரியர்களையே எடுத்து முதன்மைப் பயிற்சியாளர் ஆக்கினார்கள். அவர்கள் மற்ற ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே கம்பெனியின் மென்பொருளைப் பாடமாக வைக்கப் பார்த்தபோது ஆசிரியர் சங்கமே எதிர்த்து நின்றது. பிறகு கட்டற்ற மென்பொருளுக்கு மாறினார்கள். தங்களுக்கென்று ஒரு லினக்ஸ் தொகுப்பை மலையாளத்தில் ஆக்கிக்கொண்டார்கள். அங்கே ஆசிரியர் பெட்டியைத் திறந்து பார்க்கிறவராக ஆனார். கேரளத்தில் சாதி ஒழிந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. பயிற்சியைப் பற்றி மட்டும்தான் சொல்கிறேன்.

இன்னொருவரையும் சொல்லவேண்டும். சீமோர் பேப்பர்ட். 1967-ல் குழந்தைகளுக்கான லோகோ மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர். திரையில் ஒரு ஆமை, அதற்குக் கட்டளையிடுவது குழந்தை. அவர் பிறந்தது தென்னாப்பிரிக்காவில், வெள்ளைக் குடும்பத்தில். பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது, வீட்டு வேலை செய்த கறுப்பின மக்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்த முயன்று அதிகாரிகளிடம் மாட்டிக்கொண்டவர். பின்னாளில் கணினி குழந்தையை ஆட்டிவைக்கக் கூடாது, குழந்தைதான் கணினியை ஆட்டிவைக்கவேண்டும் என்று வாதாடினார். எழுத்தைத் தடுத்த ஊரில் வளர்ந்தவனுக்குத்தான் இது தோன்றும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? பெரிசாக ஒன்றும் இல்லை. ஒரு வாடகை மாடியில் நாலு ஞாயிற்றுக்கிழமை. பதினோரு ஆசிரியர்கள், ஏழு பேர் பெண்கள். ஆறு பழைய அரசு மடிக்கணினி, முதுகில் படம் தேய்ந்துபோனவை. சட்டம் ஒன்றே ஒன்றுதான். சொல்லிக்கொடுக்கிறவன் கை விசைப்பலகையில் படக்கூடாது. என் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நின்றேன். எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஒருவர் ஒரு எழுத்தைத் தேடி அரை நிமிஷம் தடவும்போது கை தானாகப் போகும். அரைமணிக்கு ஒருமுறை உட்கார்ந்தவர் எழுந்து பக்கத்திலிருப்பவர் உட்காரவேண்டும். முதல் நாள் காலையில், செத்துப்போன ஒரு கணினியை நடுவில் வைத்து திருப்புளியைக் கையில் கொடுத்துவிட்டோம். பிரித்துப் போட்டார்கள். ரிப்பேராகிவிடும் என்ற பயம் அதோடு போயிற்று. ஏற்கெனவே ரிப்பேரானதுதானே.

மத்தியானம் முழுக்கத் தமிழ் அடித்தார்கள். 1999 பிப்ரவரி சென்னை மாநாட்டையொட்டி அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை. உயிரெழுத்து இடப்பக்கம், மெய் வலப்பக்கம். தமிழாசிரியர் ஒருவர் பத்தே நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார். "இலக்கணம் தெரிஞ்சவன் போட்டிருக்கான்" என்றார்.

நிரலுக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது 'எழில்'. முத்து அண்ணாமலை என்பவர் 2007 வாக்கில் தொடங்கி, 2009-ல் கட்டுரையாகவும் வெளியிட்ட தமிழ் நிரல் மொழி. இது போதுமா, பைத்தான்தானே ப்ளஸ் டூ பாடத்தில் இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். மூன்றாவது ஞாயிறு பைத்தானுக்கு மாறினோம். ஆனால் முதல் கட்டளையைத் தாய்மொழியில் கொடுத்தவருக்குப் பயம் ஒரு மடங்கு குறைகிறது. பைத்தானிலும் 2008-ல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். பாடப்புத்தகம் படித்தவர்கள் நிறையப் பேருக்கு இது தெரியாது.

ஆசிரியர்களுக்குப் பயம் எந்திரத்தின் மேல் இல்லை, தப்பின் மேல். வாழ்நாள் முழுக்கச் சிவப்புப் பேனா பிடித்தவர்கள். திரையில் பிழைச்செய்தி வந்ததும் முகம் சுருங்கிவிடும். நம் ஆசிரியர்களுக்கு இது ரெட்டிப்பு. மற்றவர் தப்புச் செய்தால் தப்பு. இவர் தப்புச் செய்தால் 'கோட்டா'. அதனாலேயே முந்தைய பயிற்சிகளில் பின்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிவிட்டு வந்ததாக ரெண்டு பேர் சொன்னார்கள். அதற்கு நாங்கள் கண்ட வழி இதுதான். ஒரு நோட்டில் எல்லோர் பிழைகளையும் எழுதிவைத்தோம். அதிகம் பிழை என்னுடையது.

என்ன நிரல் எழுதுவது என்று வந்தபோது, பகா எண் கண்டுபிடி, ரெண்டு எண்ணைக் கூட்டு என்று புத்தகக் கணக்கே வேண்டாம் என்று ஒரு கணக்கு டீச்சர் சொன்னார். "எங்க புள்ளைங்க வீட்ல தெனமும் நடக்கிற கணக்கு ஒண்ணு இருக்கு, அதைப் போடுவோம்" என்றார். தண்டல் கணக்கு. பத்தாயிரம் கடன். எடுத்தவுடனே ஆயிரத்து ஐந்நூறு பிடித்தம். கையில் 8,500. தினம் நூறு ரூபாய், நூறு நாள். தண்டல்காரர் சொல்வது 'பதினஞ்சு பர்சன்ட்'. அது உண்மையா?

எழுதிய நிரல் இவ்வளவுதான்:

மீதி = 8500
நாள் = 1
@( நாள் <= 100 ) வரை
    மீதி = மீதி + மீதி * 0.0033 - 100
    நாள் = நாள் + 1
முடி
பதிப்பி மீதி

ஒருநாள் வட்டியை நாமே யூகித்துப் போடவேண்டும். ஒவ்வொரு நாளும் பாக்கிக்கு வட்டி ஏறும், நூறு ரூபாய் கழியும். நூறாவது நாள் மீதி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் நம் யூகம் சரி. முதலில் 0.1 சதவீதம் போட்டார்கள். அதிகமாகக் கட்டிவிட்டதாகக் காட்டியது. ஏற்றிக்கொண்டே போனார்கள். 0.34 போட்டால் கடைசியில் ஐம்பது ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாகப் பாக்கி. 0.33 போட்டால் எட்டு ரூபாய் கூடுதலாகக் கட்டியாயிற்று. ஆக, ரெண்டுக்கும் நடுவில். 0.33-ஐ 365-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஆண்டுக்கு 120 சதவீதத்துக்கு மேல். அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதைப் 'பதினஞ்சு பர்சன்ட்' மறைத்துவிடுகிறது. அன்றைக்கு நான் வங்கியில் கொடுக்கிற நகைக்கடன் வட்டியையும் சொன்னேன். மாடியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பத்து வருஷமாகத் தண்டல் கட்டுகிற ஆசிரியர் ஒருவரும் அங்கே இருந்தார்.

அந்தக் கணக்கு டீச்சர் இதை எட்டாம் வகுப்புக்குக் கொண்டுபோனார். கரும்பலகையில் போட்டு, பிறகு ஒரே மடிக்கணினியில் பிள்ளைகள் ஒவ்வொருவரும் வந்து ஒரு வட்டியை அடித்துப் பார்த்தார்கள். ஒரு பெண் தன் அம்மாவின் சீட்டை எடுத்துவந்து அந்தத் தொகையைப் போட்டாள். மறுவாரம் நாலைந்து தாய்மார்கள் பள்ளி வாசலில் நின்றார்கள், தங்கள் கணக்கையும் போட்டுத்தரச் சொல்லி. அதற்கடுத்த வாரம் வந்தது தண்டல்காரர். சத்தம் போடவில்லை. "புள்ளைங்களுக்குப் பாடத்தை மட்டும் நடத்துங்க டீச்சர்" என்றுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாலையில் மேலேயிருந்தும் அதே வாக்கியம் வந்தது, கொஞ்சம் மரியாதையான தமிழில். 2003-லேயே தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது என்பதை டீச்சர் சொல்லிப் பார்த்தார். "அதெல்லாம் சிலபஸ்ல இல்லம்மா."

இங்கேதான் இயக்கத் தோழர்களிடம் எனக்குக் கேள்வி இருக்கிறது. முதல் கூட்டத்திலேயே ஒரு தோழர் கேட்டார்: "சாக்கடைக் குழியில் இறங்குகிற சாவையே நிறுத்த முடியவில்லை, கம்ப்யூட்டர் என்ன கம்ப்யூட்டர்?" அவர் கோபம் எனக்குப் புரிகிறது. நிரல் எழுதினால் விடுதலை வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. பெங்களூரில் நிரல் எழுதுகிற நம் பையன் வீடு தேடும்போது இன்னும் பேரை மாற்றிச் சொல்கிறான். ஆனால் நான் பார்த்தது இது: ஏழு வரிக்கு ஒருவர் வண்டியெடுத்து வந்து எச்சரித்துவிட்டுப் போனார். மனு எழுதும்போது, ஊர்வலம் போகும்போது யாரும் டீச்சரைத் தேடி வரவில்லை. அந்த ஏழு வரியில் அவருக்கு என்னவோ பயம் இருந்திருக்கிறது. அன்றைக்கு டீச்சர் பக்கத்தில் நம்மில் யாரும் நிற்கவில்லை. நான் உட்பட. எனக்கு அன்று லீவு கிடைக்கவில்லை, அது காரணமும் இல்லை.

2025-ல் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பது வரை செயற்கை நுண்ணறிவு, ரோபோட்டிக்ஸ் என்று 'டிஎன் ஸ்பார்க்' திட்டத்தை அறிவித்தார்கள். பெயர் பளபளப்பாக இருக்கிறது. நடத்தவேண்டியவர் நம் கணக்கு வாத்தியாரும் அறிவியல் டீச்சரும்தான். அவர்களைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தா, எந்திரத்துக்கு முன்னால் உட்காரவைத்தா என்பதை ஒவ்வொரு பயிற்சி மையத்திலும் நாம் போய்ப் பார்க்கவேண்டும். எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்காதீர்கள், அந்தக் கணக்கு எப்போதும் சரியாக இருக்கும். எத்தனை பேர் கை விசைப்பலகையில் பட்டது, எத்தனை மணி நேரம் பட்டது, அதில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்காரர் எத்தனை பேர் என்று கேளுங்கள். துணி போர்த்திய கணினி இருந்தால் துணியை எடுக்கச் சொல்லுங்கள்.

எங்கள் மாடியில் அடுத்த சுற்று அடுத்த மாதம் ரெண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு. கணக்கு டீச்சர் வருகிறார், இந்த முறை சொல்லிக்கொடுப்பது அவர்தான். நான் பெஞ்சில். நுண்கடன் குழுக்களின் வாரத் தவணைக் கணக்கைப் போடுவதாகத் திட்டம். தவணைச் சீட்டு உள்ளவர்கள் பெயரை மறைத்துவிட்டுப் பிரதி எடுத்துவாருங்கள். வீட்டில் பழைய மடிக்கணினி தூங்கினால் அதையும் கொண்டுவாருங்கள், சார்ஜரோடு. போனமுறை நாலு மடிக்கணினி சார்ஜர் இல்லாமல் வந்தது.